திருத்துகிற காது எங்கே இருந்தாலும் பாட்டு வரும்

நடுவர் அவர்களே, எதிரணியின் பெரியவர்களே, இவ்வளவு நேரமாகப் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கும் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

‘இசை கற்க இணைய வகுப்பு கைகொடுக்குமா, குருவின் எதிரே உட்கார்ந்தால்தான் வருமா?’ என்பது இன்றைய தலைப்பு. கைகொடுக்கும் என்று பேச வந்திருக்கிறேன். நான் வாய்ப்பாட்டு சொல்லிக் கொடுப்பவள். என் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தும் பிள்ளைகள் பாடுகிறார்கள், கைப்பேசித் திரையிலும் பாடுகிறார்கள். இரண்டையும் தினமும் பார்க்கிறவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய மிருதங்க வித்வான் ஐயா மூன்று விஷயங்களை அழுத்தமாகச் சொன்னார். இணையத்தில் சேர்ந்து தாளம் போட முடியாது என்றார். கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைத்துப் பாடுகிற நெளிவு, திரை வழியாக இறங்காது என்றார். குருவின் கூடவே இருந்து கற்பதற்கு ஈடு கிடையாது என்றார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், எங்கள் அணி எதற்காகப் பேசுகிறது என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும்.

பணம் கட்டி ஒரு காணொளித் தொகுப்பை வாங்கி வைத்துக்கொண்டு, சாப்பிடும்போது ஒன்றும் தூங்கப் போகும்போது ஒன்றுமாகப் பார்ப்பது பாட்டு கற்பது ஆகாது. காணொளிக்குக் காது கிடையாது. மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசையைப் பாடுகிற குழந்தை, ‘ரி’ என்கிற ரிஷபத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பாடினால் காணொளி நிறுத்தாது, அடுத்த வரிசைக்குப் போய்விடும். ஏறிய ரிஷபம் ஆறு மாதத்தில் தொண்டையில் படிந்துவிட்டால் அதை எடுப்பது பெரும்பாடு. இதை எதிரணி சொல்லியிருந்தால் நானே முதலில் கைதட்டியிருப்பேன். ஆனால் இணைய வகுப்பு என்றால் அது மட்டும் இல்லையே. அந்தப் பக்கம் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து கேட்கிறார், நிறுத்துகிறார், மறுபடி பாடச் சொல்கிறார் என்றால் அது வகுப்பு. காணொளியும் ஒலிப்பதிவும் அதற்குத் துணை. என் வாதம் முழுக்க இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது. பாட்டு கற்க முதலில் வேண்டியது, நம்மைக் கேட்டுத் திருத்துகிற ஒரு காது. அது எந்த அறையில் இருக்கிறது என்பது அதற்குப் பிறகு பேச வேண்டியது.

சரி, தாளத்துக்கு வருகிறேன். ஐயா சொன்னது முழு உண்மை, அதை மறுக்கவே முடியாது. கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையிலிருந்து நியூ ஜெர்சி சுமார் 13,000 கிலோமீட்டர். நேர்கோட்டில் கேபிள் போட்டாலும் என் குரல் போய்ச் சேர 65 மில்லிநொடி, பிள்ளையின் குரல் திரும்பி வர இன்னொரு 65. செயலியும் வைஃபையும் எடுத்துக்கொள்ளும் நேரம் அதற்கு மேல். இரண்டு பேர் சேர்ந்து இசைக்க 30 மில்லிநொடித் தாமதமே அதிகம். ஆகவே திரையில் சேர்ந்து பாடவே முடியாது. முடியாது என்பதால் என்ன நடக்கிறது என்று ஐயா சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

நேர் வகுப்பில் பத்துப் பிள்ளைகள் ஆதி தாளம் போட்டுக்கொண்டு ஒன்றாகப் பாடும். அதில் இரண்டு பேர் முன்னால் இழுப்பார்கள், மற்றவர்கள் கூடவே வருவார்கள். அரை நொடி தள்ளித் தட்டுகிற கையும், பக்கத்துக் குரலைப் பிடித்துக்கொண்டு போகிற குரலும் அந்தக் கூட்டத்தில் தெரியாது. ஆசிரியரும் கூடப் பாடுவார். அவர் குரல் எல்லோரையும் தூக்கிக்கொண்டு போய்விடும். வர்ணம் என்ற பாட்டு இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், அட்டகாசமாக முடிந்த மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போய்த் தனியாகப் பாடச் சொன்னால் அதன் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் தாளம் கழன்றுவிடும்.

திரையில் இந்த வசதி இல்லை. நான் ஒரு வரி பாடி நிறுத்துவேன், பிள்ளை தனியாகப் பாடியாக வேண்டும். தன் தொடையில் தானே தட்டித் தன் காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் சீரான வேகத்தை, தானே காக்க வேண்டும். நான் தாளம் போட்டால் அது அங்கே தாமதமாகத்தான் கேட்கும், அதனால் என் கையை நம்பிப் பயனில்லை என்று பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே புரிந்துவிடும். என் கூடத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து வருகிற தனிக்குரல் துணிச்சல், திரைப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பாடமான ஜண்டை வரிசையிலேயே வந்துவிடுகிறது. இதைப் பார்த்த பிறகு கூடத்து வகுப்பிலும் ஒவ்வொருவராகப் பாட வைக்கிறேன். திரை எனக்கே சொல்லிக் கொடுத்த பாடம் அது.

அடுத்தது கமகம். இது எதிரணியின் பெரிய ஆயுதம், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

தோஹாவில் செவிலியராக இருக்கும் ஒரு பெண் என்னிடம் கற்கிறார். தோடி ராகம் ஆரம்பித்தோம். தோடியின் காந்தாரம், அதாவது ‘க’ சுரம், எப்படிப்பட்டது என்று பாடுகிறவர்களுக்குத் தெரியும். அந்தச் சுரத்தை அதன் இடத்தில் நிறுத்திப் பாடினால் ராகமே போய்விடும். ஒரு வரியைப் பாடிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் பாடி அனுப்பியதில் காந்தாரம் ஆடியது, ஆனால் தோடியாக இல்லை. என் பதிவைப் பாதி வேகத்தில் போட்டுக் கேட்கச் சொன்னேன். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கிற வசதி இன்று இலவசச் செயலிகளிலேயே இருக்கிறது. இரவுப் பணி முடித்து வந்து கேட்டுவிட்டு அவரே பதில் அனுப்பினார்: “டீச்சர், நீங்க காந்தாரத்துல நிக்கவே இல்ல. கீழ ரிஷபத்துலேர்ந்து கிளம்பி மத்யமத்தைத் தொட்டுத் தொட்டு வர்றீங்க. நான் நடுவுல ஒரே இடத்துல நடுங்கிட்டு இருக்கேன்.”

நடுவர் அவர்களே, இதைவிடத் துல்லியமாக நானே விளக்கியிருக்க முடியாது. அவர் தன் காதால் கண்டுபிடித்தார். நேர் வகுப்பில் அந்த வரியை நான்கு முறை பாடிக் காட்டியிருப்பேன், ஐந்தாவது முறை கேட்கப் பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும். பதிவுக்கு முன்னால் கூச்சமில்லை, அலுப்பில்லை. அதோடு அவர் பாடியதும் பதிவாக இருக்கிறது. தன் குரலைத் தானே கேட்பதைப் போல ஒரு கண்டிப்பான வாத்தியார் கிடையாது. ‘ம’ என்கிற மத்யமத்தை அழுத்தித் தொடாமல் விட்ட இடத்தைப் பிறகு நான் நேரலை வகுப்பில் சரி செய்தேன். பதிவு காதைத் திறந்தது, வகுப்பு தொண்டையைத் திருத்தியது. இரண்டும் சேர்ந்ததைத்தான் இணையவழிக் கல்வி என்று சொல்கிறேன்.

‘ஒலியே சரியாகக் கேட்காதே’ என்று ஐயா கேட்டார். பல பேருக்குக் கேட்பதில்லை என்பது நிஜம்தான். காரணம் என்ன? ஸூம் போன்ற செயலிகள் அலுவலகக் கூட்டங்களுக்காகச் செய்யப்பட்டவை. பேச்சைத் தவிர விடாமல் ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். அதனால் தம்பூரா காணாமல் போகும். வீணையை மீட்டிய பிறகு நீள்கிற நாதம் பாதியில் வெட்டுப்படும், அந்த நாதத்தில்தானே வீணையின் கமகமே இருக்கிறது! ஆனால் ஸூமில் இசைக்காரர்களுக்கென்றே ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டு, வைஃபைக்குப் பதில் கேபிளைச் செருகினால் பாதிக் குறை தீர்ந்துவிடும். வயலின் பிள்ளைகளுக்கு நேர் எதிரே வைத்த கேமரா உதவாது. வில் போகிற போக்கும் இடது கை விரல் விழுகிற இடமும் ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் வைக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு நாளில் கற்றுக்கொண்டுவிடலாம். கற்காமல் விட்டுவிட்டு இணையத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மிருதங்கத்தில் சாப்பு என்ற வலது கை அடி விழுகிற நாதமும், இடப்பக்கமான தொப்பியில் இடது கை கொடுக்கிற அழுத்தமும் கைப்பேசி மைக்கில் ஏறுவதில்லை. தவிலுக்கும் நாகஸ்வரத்துக்கும் சிரமம் இன்னும் அதிகம். அந்தப் பிள்ளைகள் முதல் சில மாதம் நேரில் போய்க் கையையும் ஊதுகிற முறையையும் சரி செய்துகொண்டு வரட்டும். ஐயாவின் வாத்தியத்துக்கு ஐயாவின் சொல்லை ஏற்கிறேன். அதற்காக வாய்ப்பாட்டையும் சேர்த்து மூடிவிட முடியாது.

அப்புறம் மரபு. இணையம் வந்து மரபைக் கெடுத்தது என்றார்கள். 1904ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் என்ன நடந்தது? முத்துசாமி தீட்சிதரின் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர், வீட்டுக்குள் வாய்வழியாக வந்த பாட்டுகளை ஸ்வரங்களாக எழுதி, கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடு போட்டு, சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்று அச்சிலேயே வெளியிட்டார். குருவின் வாயிலிருந்து மட்டுமே வர வேண்டியது அன்று காகிதத்துக்கு வந்தது. மரபு அழிந்ததா? தீட்சிதர் கீர்த்தனைகளைப் பழைய நாளில் பாடிய முறையைத் தேடுகிறவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். பிறகு இசைத்தட்டு வந்தது. வானொலி வந்தது, ‘இசைப் பயிற்சி’ என்று வரி வரியாகப் பாட்டு சொல்லிக் கொடுத்தது. ஆசிரியர் அங்கே, மாணவர் இங்கே, நடுவில் ஒரு பெட்டி. பாடகர் ஜி.என்.பாலசுப்பிரமணியம், மூத்த பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைத் தன் மானசீக குருவாகக் கொண்டவர். நேரிலும் சிலரிடம் கற்றார்தான், ஆனால் அந்தப் பாணியை அவருக்குக் கொடுத்தது அவருடைய காது. பெட்டியிலிருந்து வந்த குரலுக்கு அன்று பதில் சொல்ல முடியாது. இன்றைய பெட்டி நம் பாட்டையும் கேட்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது எவ்வளவு பெரிய வித்தியாசம்!

கடைசியாகக் குருகுலம். குருவின் வீட்டிலேயே தங்கி, அவர் சாதகம் செய்வதைக் கேட்டு, கச்சேரிக்குத் தம்பூரா தூக்கிக்கொண்டு போய்க் கற்றவர்கள் எனக்கும் தெய்வம் மாதிரி. அந்த வாழ்க்கை கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் அது யாருக்குக் கிடைத்தது? பெரும்பாலும் சொந்தக்காரர்களுக்கு, தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு, அந்தச் சாதிக்கு, அந்தத் தெருவுக்கு. பெண்ணாகப் பிறந்தால் இன்னும் கஷ்டம். அந்த வாசலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்களுக்கும் தொண்டை இருந்தது.

அரசு அந்தக் கதவைத் திறந்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு என நான்கு ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. நல்ல வித்வான்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள், கட்டணமும் குறைவு. ஆனால் மாவட்டங்கள் 38. இசைப்பள்ளியில் சேர வயது 12 முதல் 25 வரை, வகுப்பு பகல் நேரத்தில். பதினெட்டு வயதில் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, நாற்பதைத் தாண்டிய பிறகு ‘எனக்கும் ஒரு கீர்த்தனை முழுசா பாடணும்’ என்று வருகிற அம்மாவுக்கு அங்கே இடமில்லை. அப்படிப்பட்ட அம்மாக்கள் என் திரையில் நிறைய. காலையில் டிபன் பாக்ஸ் கட்டி அனுப்பிவிட்டு, குக்கர் சத்தம் அடங்கியதும் சமையலறை மேடையில் போனைச் சாய்த்து வைத்துச் சுருதிப்பெட்டியைத் தங்கள் சுருதியான ஐந்தரைக் கட்டையில் போடுகிறார்கள். அவர்களில் ஒருவருடைய ஊரில் பாட்டு வாத்தியார் யாருமே இல்லை. பக்கத்து நகரத்துக்குப் பஸ்ஸில் போய்வர அரை நாள் ஆகும், அந்த அரை நாளை அவருக்கு யாரும் தருவதாக இல்லை. கீதம் என்ற தொடக்கப் பாட்டுகளை முடித்துவிட்டார், இப்போது அடுத்த படியான ஸ்வரஜதியில் இருக்கிறார்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு சொல்வதற்கு முன் எதிரணியிடம் எனக்காக ஒரு பதில் வாங்கிக் கொடுங்கள். இணைய வகுப்பு வேண்டாம் என்கிறார்களே, நாளைக் காலை பத்து மணிக்கு அந்த அம்மா யார் வீட்டுக்குப் போய், யார் எதிரே உட்கார வேண்டும்? ஊரையும் ஆளையும் சொன்னால் நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுகிறேன். சொல்ல முடியவில்லை என்றால் தீர்ப்பை எங்கள் அணிக்குக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.