புட்டியைத் திருப்பிப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. நொறுக்குத்தீனியும் இனிப்புப் பானமும் உடம்புக்கு ஆகாது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? நன்றாகவே தெரியும். தொடக்கநிலை மூன்று படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள். சொத்தைப்பல், உடல்பருமன், நீரிழிவு என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். அறிவுரை போதும், இனிக் கணக்குச் சொல்லிக்கொடுப்போம் என்றுதான் நான் போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சிங்கப்பூரில் விற்கும் பானங்களில் ஏ, பி, சி, டி என்று நியூட்ரி-கிரேடு எழுத்து இருக்கிறதல்லவா? சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்துப் போடும் தரக்குறியீடு அது, ஏ மிக நல்லது, டி கடைசி. 2022 டிசம்பர் கடைசியில் வந்தது. அந்த எழுத்தோடு ஒரு விழுக்காடும் போட்டிருக்கும். 100 மில்லிலிட்டரில் எத்தனை கிராம் சர்க்கரை என்பதுதான் அது. எழுத்தைப் பார்க்கிறார்கள், எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

ஒருமுறை சமூக மன்றம் ஒன்றில் பேசப் போயிருந்தேன். உயர்நிலை ஒன்றில் படிக்கும் தம்பி ஒருவன், "ஆன்ட்டி, நான் சி வாங்கவே மாட்டேன், எப்போதும் பி தான்" என்றான். கையில் 500 மில்லி புட்டி, 5 விழுக்காடு. பக்கத்தில் அவன் தங்கை. அவளிடம் 250 மில்லி பொட்டலம். சி, 6 விழுக்காடு. "யார் அதிகம் சர்க்கரை குடிக்கிறார்கள்?" என்று கேட்டேன். எல்லாக் கையும் தங்கையைக் காட்டின. ஒரு காகிதத் தட்டில் சர்க்கரையை அள்ளி வைக்கச் சொன்னேன். ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 5 கிராம். தங்கைக்கு 15 கிராம், 3 கரண்டி. அண்ணனுக்கு 25 கிராம், 5 கரண்டி! தம்பி ஒன்றும் பேசவில்லை. நேராகப் போய் அவன் அம்மா பையிலிருந்த புட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அம்மாவுக்குத்தான் சங்கடம்.

பி என்ற தரம் மோசம் என்று சொல்லவில்லை. சி, டி என்பதைவிட அது மேல்தான். ஆனால் புட்டி பெரிதானால் சர்க்கரையும் பெருகும். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்: விழுக்காட்டைப் புட்டியின் அளவால் பெருக்குங்கள், 100ஆல் வகுங்கள், கிராம் கிடைக்கும். அதை 5ஆல் வகுத்தால் தேக்கரண்டி. தொடக்கநிலை ஆறு பிள்ளைக்கு இது பெரிய கணக்கா?

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கட்டுப்பாடு இருக்கிறது. பொரித்த உணவுக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். சிக்கல் வாசலைத் தாண்டிய பிறகுதான். இணைப்பாட நடவடிக்கை முடிந்து, துணைப்பாட வகுப்புக்குப் போகும் அந்த இடைவெளியில் பசி, கையில் காசு, எதிரே பபள் டீ கடை. அந்த நேரத்துக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு புட்டித் தண்ணீரும் பையில் இருந்தால் பாதிச் சண்டை வீட்டில் குறையும்.

நேரம் ஆகிவிட்டதாகக் கை காட்டுகிறார்கள். உப்பைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். உப்பில் இருப்பது சோடியம்; பெரியவர்களே அதை ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உடனடி நூடல்ஸ் ஒரு பாக்கெட்டே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். பெரும்பாலும் அது சுவைத்தூளில்தான் இருக்கிறது. தூளில் பாதியை மட்டும் போடுங்கள், சூப்பைக் கிண்ணத்திலேயே விடச் சொல்லுங்கள். வணக்கம்.