மூன்று நாடுகள், ஒரே பாயின்ட் டேபிள்: பால்டிக் வாலிபால் லீக்கின் ஒரு சீசன்

[திரையில்: பால்டிக் கடலோர வரைபடம். தாலின், ரீகா, வில்னியஸ் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

எஸ்தோனியாவில் மொத்தமே சுமார் 13 லட்சம் பேர். லாட்வியாவில் 20 லட்சத்துக்கும் குறைவு. லிதுவேனியா 30 லட்சத்தைத் தொடவில்லை, அங்கேயும் எந்தப் பையனைக் கேட்டாலும் கூடைப்பந்துதான் பேசுவான். இந்த மூன்று நாடுகளும் தனித்தனியாக ஆண்கள் வாலிபால் லீக் நடத்தினால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாட்டில் உருப்படியான கிளப் நான்குதான் தேறும் என்று வையுங்கள். மற்ற மூன்றோடும் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று ஆடினால் ஆளுக்கு ஆறே ஆட்டம். இன்னொரு சுற்றும் ஆடலாம் என்றால் 12 ஆகும். ஆனால் அதே மூன்று அணிகளை நான்கு நான்கு தடவை பார்க்க வேண்டும். பாதி சீசனுக்குள் செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர், கைக்குப் பந்து வரும்போதே வலையருகே தடுக்க நிற்கும் எதிரணி பிளாக்கருக்கு அது எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துவிடும். பழகிய ஆளை ஜெயிக்கப் பழகுவார்களே தவிர, ஆட்டம் வளராது.

[திரையில்: நான்கு புள்ளிகள் எட்டாகின்றன. இடையே கோடுகள் பெருகுகின்றன.]

அதுவே எல்லைக்கு அப்பாலிருந்து நான்கு அணிகள் சேர்ந்தால்? ஏழு வெவ்வேறு எதிரணிகள், ஆளுக்கு 14 ஆட்டம், மொத்தம் 56. பால்டிக் லீக் பிறந்த காரணம் இவ்வளவுதான். சாம்பியனைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு நாட்டிலும் தேசியப் போட்டி இருக்கிறது. இந்த லீக்கின் முதல் வேலை, போதுமான அளவு நல்ல எதிரணிகளைக் கொடுப்பது.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளை ஆட்டக் காட்சி.]

ஒரு காலத்தில் இந்தப் பஞ்சமே இருந்ததில்லை. சோவியத் யூனியனில் இருந்தவரை இந்த ஊர் அணிகள் மாஸ்கோ அணிகளோடு மோதிக்கொண்டிருந்தன. 1968இல் எஸ்தோனியத் தலைநகர் தாலினின் காலேவ் அணி சோவியத் சாம்பியன் பட்டத்தையே தட்டிக்கொண்டு போனது. 1980 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியில் வில்யார் லோர் என்ற எஸ்தோனியர் இருந்தார். 1991இல் சுதந்திரம் வந்தது, கூடவே அந்தப் பெரிய லீக் கைவிட்டுப் போனது. நாடு கிடைத்தது, எதிரணிகள் போய்விட்டன. அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2005-06 சீசனில் இந்தக் கூட்டு லீக் தொடங்கியது. ஒரு கட்டத்தில் ஷெங்கர் லீக், பிற்பாடு கிரெடிட்24 என்று விளம்பரதாரர் பெயரில் ஓடியது. அணிகளின் பெயரிலும் இதே கதைதான். தாலினின் செல்வர் ஒரு சூப்பர் மார்க்கெட், எஸ்தோனியாவின் இன்னொரு நகரமான தார்த்துவின் பிக்பேங்க் ஒரு வங்கி. சிறிய நாட்டில் வாலிபால் கிளப்பை டிக்கெட் பணத்தில் நடத்த முடியாது, அதனால் இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

[திரையில்: பேருந்து. கீழே கிலோமீட்டர் எண் ஓடுகிறது.]

தாலினிலிருந்து ரீகா சுமார் 300 கிலோமீட்டர். ரீகாவிலிருந்து வில்னியஸ் இன்னொரு 300. 2007 டிசம்பரில் மூன்று நாடுகளும் ஷெங்கன் பகுதியில் சேர்ந்த பிறகு எல்லையில் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் வேலை போயிற்று. முதல் இரண்டு சீசன்களுக்கு அந்த வசதி இல்லை. எஸ்தோனியாவின் சாரேமா அணிக்கு இன்னும் ஒரு படி கூடுதல். சாரேமா ஒரு தீவு. முதலில் பாலம் போன்ற கரைச் சாலையில் மூஹூ தீவு, அங்கிருந்து படகில் பேருந்தையே ஏற்றி மறுகரை, அதற்கப்புறம்தான் நெடுஞ்சாலை.

இப்போது இந்த வீடியோவின் முக்கியமான இடத்துக்கு வருவோம். இவ்வளவு தூரம் வந்து, முதல் இரண்டு செட்டையும் தோற்று நிற்கும் அணி மூன்றாவது செட்டில் ஏன் உயிரைக் கொடுத்து ஆட வேண்டும்?

[திரையில்: 3–0, 3–1 = 3 பாயின்ட். 3–2 = வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1.]

முதலில் மூன்று செட் எடுப்பவருக்கே ஆட்டம். அதற்கு லீக் டேபிளில் ஏறும் பாயின்ட் இது, இன்றைய வாலிபாலின் வழக்கமான கணக்கு. ஐந்தாவது செட் வரை இழுத்துவிட்டால், தோற்றாலும் ஒரு பாயின்ட் கையில். அதாவது நான்காவது செட்டை ஜெயித்த நொடியிலேயே அந்தப் பாயின்ட் உறுதி. ஐந்தாவது செட் மீதி ஒரு பாயின்டுக்கான சண்டை. 2–0 முன்னிலையில் இருக்கும் பயிற்சியாளர் பெஞ்சில் இருக்கும் பையன்களுக்கு வாய்ப்புக் கொடுக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவருக்கு அது மூன்று பாயின்டைப் பணயம் வைப்பது.

ஒரு கற்பனை ஆட்டத்தைப் பாருங்கள்.

[திரையில்: 25–23, 25–23, 10–25, 12–25, 15–13.]

இடது பக்க அணி 3–2 என்று ஜெயித்துவிட்டது. ஆனால் செட்டுகளுக்குள் எடுத்த புள்ளிகளைக் கூட்டுங்கள்: ஜெயித்த அணி 87, தோற்ற அணி 109! 22 புள்ளி அதிகம் எடுத்தும் தோற்றுப் போயிருக்கிறார்கள். அந்தப் புள்ளிகள் வீண் என்று நினைக்க வேண்டாம். சீசன் முடிவில் இரண்டு அணிகள் வெற்றியிலும் பாயின்டிலும் சமமாக நின்றால், முதலில் செட் விகிதம், அதாவது ஜெயித்த செட்டைத் தோற்ற செட்டால் வகுத்துப் பார்ப்பார்கள், அதுவும் சமம் என்றால் எடுத்த புள்ளியைக் கொடுத்த புள்ளியால் வகுப்பார்கள். அக்டோபரில் எங்கோ 25–10 என்று ஜெயித்த ஒரு செட், வசந்த காலத்தில் ஓர் இடம் மேலே தூக்கிவிடலாம்.

சரி, அதற்கு முன்னால் எதைப் பார்ப்பார்கள்? எந்தப் போட்டி என்பதைப் பொறுத்தது. உலக அளவிலான நேஷன்ஸ் லீக்கில் முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை, பிறகுதான் பாயின்ட். இத்தாலிய லீக்கில் பாயின்ட் முதலில். வித்தியாசம் சின்னது இல்லை.

[திரையில்: இரண்டு அணிகள், 14 ஆட்டங்கள்.]

முதல் அணி 9 வெற்றி, அதில் ஆறு ஐந்து செட்டில் வந்தவை. பாயின்ட்: மூன்று முறை மூன்று, ஆறு முறை இரண்டு, ஆக 21. இரண்டாவது அணி 8 வெற்றிதான், ஆனால் எல்லாம் 3–0 அல்லது 3–1. பாயின்ட் 24. இரண்டு பேரும் தோல்விகளில் ஒன்றும் தேற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலிய முறையில் இரண்டாவது அணி மேலே, நேஷன்ஸ் லீக் முறையில் முதல் அணி மேலே. எனக்கு இத்தாலிய முறைதான் பிடிக்கும். வெற்றி எப்படி வந்தது என்பதையும் அது கேட்கிறது. எதிர்த்தரப்பு வாதமும் லேசானது அல்ல: ஆட வந்ததே ஜெயிக்கத்தானே?

[திரையில்: நான்கு அணிச் சின்னங்கள், இரண்டு அரையிறுதி.]

லீக் சுற்று, அப்புறம் பிளே-ஆஃப், கடைசியில் ஃபைனல் ஃபோர். நான்கு அணிகள் ஒரே அரங்கில் கூடி இரண்டு நாளில் கதையை முடிக்கும். மாதக்கணக்கில் முதலிடத்தில் இருந்த அணிக்கு அரையிறுதியன்று செட்டரின் கணுக்கால் சுளுக்கினால் போச்சு. நியாயமா என்றால் இல்லை. ஆனால் ஒரு வார இறுதிக்கு அரங்கம் நிறைகிறது, தொலைக்காட்சி வருகிறது. போலந்து, பிரான்ஸ் கிளப்புகளின் ஆட்களும் அங்கே யாரைத் தூக்கலாம் என்று பார்ப்பார்கள். நல்ல ஆட்டக்காரர் இங்கே நிலைப்பதில்லை, இரண்டு மூன்று சீசனில் கிளம்பிவிடுவார்.

கோப்பையைத் தூக்கிய அணிக்கும் ஓய்வு இல்லை. அடுத்தது தேசிய சாம்பியன்ஷிப்பின் பிளே-ஆஃப். சில சமயம் ஃபைனல் ஃபோரில் மோதிய அதே இரண்டு எஸ்தோனிய அணிகளே அங்கேயும் எதிரெதிரே நிற்கும்.