ஒரு அலைக்கு 4,500 ரூபாயா? பெட்டி வெப்சைட்டை வளைச்ச கதை

வணக்கம் மக்கள். பின்னால ரயில் சத்தம் கேட்டா பொறுங்கோ, வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் இருக்கிறவனிட்ட வேற என்ன எதிர்பாக்கிறியள். நேரா விசயத்துக்கு வாறன், ஏனெண்டா எனக்கு இன்னும் கொதி அடங்கேல்லை.

கேக் கடை அக்கா ஞாபகம் இருக்குதானே? அவவுக்கு நான் வெப்சைட் ஒண்டு செய்து குடுக்கிறன், போன வீடியோவில அதின்ட முதல் பக்கத்தைக் காட்டினன். அதைப் பாத்திட்டு அவ கேக்கிறா: "தம்பி, எல்லாம் வடிவாத்தான் இருக்கு, ஆனா ஏன் பார்மசி ராக்கை மாதிரி பெட்டி பெட்டியாக் கிடக்கு?" கேள்வி நியாயம்தான். மேல ஒரு பெரிய படப் பெட்டி, கீழ மூண்டு கேக் பெட்டி, அதுக்கும் கீழ போன் நம்பர் பெட்டி. சரி, எங்கயாவது வளைவு ஒண்டு வைப்பம் எண்டு நான் யோசிச்சுக்கொண்டு இருக்க, அவ வேற ஆரிட்டயோ சொல்லி "அலை டிசைன்" ஒண்டை 4,500 ரூபா குடுத்து வாங்கிப்போட்டா.

4,500! பைலைத் திறந்தா ஒரு பிஎன்ஜி, அதாவது புள்ளி புள்ளியாச் சேமிச்ச படம். 1920 பிக்சல் அகலம், ஒரு எம்பிக்கு மேல பாரம். உள்ளுக்கு என்ன? வெள்ளை நிறத்தில ஒரு அலை. அவ்வளவுதான். கலர் மாத்தோணும் எண்டா இன்னும் 1,000 எண்டு சொல்லியிருக்கினம். அக்காவை நான் ஒண்டும் சொல்லேல்லை, வித்த ஆளுக்குத்தான் சொல்லுறன்: அந்தக் காசுக்கு அவ எத்தினை பட்டர் கேக் அடிக்கோணும் எண்டு தெரியுமோ? பெரிய மொனிட்டரில போட்டா ஓரம் எல்லாம் மங்கலாத் தெரியுது, அதுக்கும் சேத்துத்தான் இந்தக் காசு.

இப்ப ஸ்கிரீனைப் பாருங்கோ. அதே அலை, எஸ்விஜில, அதாவது எழுத்தில கட்டளை குடுத்து வரையிற படம். வியூபாக்ஸ், அதாவது வரையிற சட்டம், 1440க்கு 100. எம் எண்டு தொடங்கினா பேனையை வைக்கிற இடம். சி எண்டா வளைவு, அதுக்கு ரெண்டு இழுவைப் புள்ளி, ஒண்டு கீழ இழுக்கும், மற்றது மேல இழுக்கும். பிறகு ரெண்டு நேர்கோடு, இசட் போட்டு மூடியாச்சு. முழுக்க 200 எழுத்துக்குள்ள முடிஞ்சுது. கலர் மாத்த ஒரு சொல்லு, ஒரு சதமும் இல்லை. இந்த இழுவைப் புள்ளிக் கணக்கு கார் பொடி வளைக்கக் கண்டுபிடிச்சது. 1959ல சித்ரோன் கொம்பனியில போல் தெ காஸ்தெல்ஜோ செய்தார், கொம்பனி அதை வெளிய விடேல்லை. பிறகு ரெனோவில பியேர் பெசியே செய்து வெளிய சொன்னார், பேர் அவருக்குப் போட்டுது. பாவம் மற்ற மனுசன்.

இனித்தான் நான் உங்களைப் பிடிச்சு வைச்சிருக்கப்போற இடம். அந்த வெள்ளைக் கோடு! ரோஸ் ஆக்கின அலைக்கும் கீழ இருக்கிற ரோஸ் கலர் பகுதிக்கும் இடையில, மயிர் மொத்தத்தில. லப்டொப்பில இல்லை, என்ட போனில இல்லை, அக்காவின்ட போனில மட்டும் இருக்கு. அவவின்ட போன்தானே உலகம்! காரணம் என்னெண்டா, உயரம் 47.5 பிக்சல் மாதிரி அரைகுறையா வந்தா பிரௌசர் அந்த அரைப் பிக்சலை அரைக் கலரில பூசும், பின்னால இருக்கிற வெள்ளை எட்டிப் பாக்கும். சிஎஸ்எஸ்ல, அதாவது பேஜின்ட தோற்றத்தைச் சொல்லுற கட்டளையில, அலைக்கு மார்ஜின் பொட்டம் மைனஸ் 1 பிக்சல், கீழ்ப் பகுதி ஒரு பிக்சல் மேல ஏறும். கோடு போச்சு. நான் எழும்பி நிண்டு கை தட்டினன், வீட்டில ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை.

அட, ஒண்டு விட்டுட்டன். அதுக்கு முதல் எஸ்விஜிக்கு டிஸ்ப்ளே ப்ளொக், அதாவது தனிப் பெட்டியா நில் எண்ட கட்டளை, குடுக்கோணும். இல்லாட்டி பிரௌசர் அதை ஒரு எழுத்து மாதிரி நினைச்சு, அடியில g, y மாதிரி வால் எழுத்துகளுக்கெண்டு நாலைஞ்சு பிக்சல் இடம் விடும். அது வேற இடைவெளி, இது வேற இடைவெளி. ரெண்டையும் குழப்பினா விசர்தான் பிடிக்கும். அகல உயர விகிதத்தைக் கட்டிப்போடுற ப்ரிசர்வ் ஆஸ்பெக்ட் ரேஷியோவுக்கு நன் (none) எண்டு போடவும் மறக்காதைங்கோ, இல்லாட்டி பெரிய திரையில அலை ரெண்டு பக்கமும் வெளி விட்டு நடுவில குந்திக்கொண்டிருக்கும்.

அலையே வேண்டாம், சும்மா ஒரு வில்லு வளைவு காணும் எண்டா எஸ்விஜியும் தேவையில்லை. மூலையை உருட்டுற பார்டர் ரேடியஸ் கட்டளையில கீழ் மூலை ரெண்டுக்கும் 50%, சாய்கோடு போட்டு உயரத்துக்கு 40 பிக்சல். ஒரே வரி. அந்தக் காலத்தில வட்ட மூலை வேணுமெண்டா நாலு மூலைக்கும் நாலு ஜிஃப் படம் வெட்டி டேபிளுக்குள்ள ஒட்டினவை. 2011ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 பிரௌசரும் பார்டர் ரேடியஸோட வந்த பிறகுதான் அந்தத் தொல்லை விட்டுது. 2025 ஆகஸ்ட்ல குரோம் 139 பிரௌசரில கோர்னர் ஷேப் எண்டு ஒண்டு வந்துது, மூலையை உள்ளுக்குக் குடையலாம், ஐபோன் ஐகன் மாதிரி மழுக்கலாம். இதைத் தெரியாத பிரௌசர் சாதாரண வட்ட மூலையைக் காட்டிட்டுப் போகும். எனக்கு இது சரியாப் பிடிச்சுப்போச்சு.

பிடிக்காதது எது தெரியுமோ? ஊதா நிறத்தில நெளிஞ்சுகொண்டு நிக்கிற அந்தக் குமிழிகள். எந்த வங்கி, எந்த டியூஷன் வகுப்பு வெப்சைட்டைத் திறந்தாலும் மூலைக்கு மூலை குமிழி. ஒவ்வொரு பகுதிக்குக் கீழயும் அலை போட்டா பேஜ் முழுக்கத் தலைசுத்து. ஒண்டு போடுங்கோ, மேல் படத்துக்குக் கீழ மட்டும். அது காணும்.

இன்னொரு விசயம், இங்கிலீஷ் டுட்டோரியலில ஒருத்தரும் சொல்லாதது. ஷேப் அவுட்சைட் எண்ட கட்டளையைப் போட்டு வட்டக் கேக் படத்தைச் சுத்தி எழுத்தை வளைக்கலாம், படத்துக்கு ஃப்ளோட், அதாவது ஒரு பக்கம் ஒதுங்கி நில் எண்ட கட்டளை, குடுத்திருந்தா. இங்கிலீஷில அருமையா வளைஞ்சுது, சிங்களத்திலயும் பரவாயில்லை. தமிழில "கொண்டாட்டங்களுக்கான" எண்ட ஒரு சொல்லு வந்து நிண்டுது பாருங்கோ, அந்த இடுக்குக்குள்ள போகாம அடுத்த வரிக்குக் குதிச்சு, நடுவில பெரிய ஓட்டை! கொழும்பில மூண்டு மொழியிலயும் சைட் கேக்கிற ஆக்கள் கனபேர், அதால தமிழ் பேஜில மட்டும் அந்த வளைவை எடுத்திட்டு வரி உயரத்தை 1.8 ஆக்கினன். தலைப்பு மூண்டு வரிக்குப் போனா அலை கடைசி வரியை மூடும், தலைப்புக்குக் கீழ பாடிங், அதாவது வெளி, கூட்டி விடுங்கோ.

கோட் முழுக்க டிஸ்கிரிப்ஷன்ல கிடக்கு, காசு தேவையில்லை. அக்கா இப்ப மெனு பேஜுக்கும் அலை கேக்கிறா. மாட்டன் எண்டு சொல்லிட்டன்; விலைப் பட்டியல் நேராத்தான் நிக்கோணும்.