ஒரே சேனல், ஒரே நேரம், இரண்டு ஃபோன்: மல்டி யூசர் மைமோ

[திரையில்: ஒரு ரவுட்டர், எதிரே தள்ளித்தள்ளி இரண்டு ஃபோன்கள்]

இந்த ரவுட்டர் இரண்டு ஃபோனுக்கும் வெவ்வேறு தகவலை அனுப்பப் போகிறது. மாற்றி மாற்றி அல்ல, ஒரே சேனலில், ஒரே நேரத்தில். இதற்குத்தான் மல்டி யூசர் மைமோ என்று பெயர். காற்றில் இரண்டும் கலந்து குழம்பாதா?

ஆன்டெனா ஒன்றுதான் என்றால் குழம்பத்தான் செய்யும். இரண்டு இருந்தால் கதை வேறு.

[திரையில்: இரண்டு ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலைகள்]

5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 6 செ.மீ. இரண்டு ஆன்டெனாவும் ஒரே அலையை அனுப்புகின்றன. முதல் ஃபோன் இரண்டுக்கும் சம தூரத்தில் இருக்கிறது. மேடும் மேடும் சேர்ந்து அலை பெரிதாகிறது. இரண்டாவது ஃபோனுக்கோ ஒரு பாதை 3 செ.மீ. அதிகம். சரியாகப் பாதி அலை. ஒன்றின் மேட்டில் மற்றதன் பள்ளம் விழுகிறது. மிச்சம் பூஜ்யம்.

இப்போது ஒரு ஆன்டெனாவில் மட்டும் அலையைத் தலைகீழாக்குங்கள். முதல் ஃபோனில் அமைதி, இரண்டாவதில் சத்தம்! முதல் விதத்தில் முதல் ஃபோனின் தகவலையும், தலைகீழாக்கிய விதத்தில் இரண்டாவதன் தகவலையும் ஏற்றி, இரண்டையும் கூட்டி ஒன்றாக அனுப்பினால், அவரவர் தகவல் அவரவருக்கு.

பீம்ஃபார்மிங், அதாவது பல ஆன்டெனாக்களின் அலைகளைச் சேர்த்து ஒரு ஃபோனை நோக்கிக் குவிப்பது என்றதும், டார்ச் வெளிச்சம் மாதிரி படம் போடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஒருவருக்குக் கேட்கும்படி பேசுவது சுலபம். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் பேசுவதுதான் வித்தை. அந்த அமைதியைக் கணக்குப் போட்டு உருவாக்கும் முறைக்கு ஸீரோ ஃபோர்சிங் என்று பெயர்.

சரி, எந்த ஃபோனுக்கு எந்தப் பாதை என்று ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? வைஃபையில் ரவுட்டர் ஒரு சோதனை சிக்னல் அனுப்புகிறது; அது எப்படி வந்து சேர்ந்தது என்று ஃபோன் பதில் சொல்கிறது. சுவரில் பட்டுத் திரும்பிய அலையும் இதில் அடக்கம்.

சிக்கலும் இங்கேதான். ஓரிரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே அந்த அமைதி கலைந்துவிடும். நடக்கிறவர் 2 செ.மீ. கடக்க 20 மில்லிநொடி கூட ஆகாது. அதற்குள் ரவுட்டர் கையில் இருப்பது பழைய கணக்கு.

வைஃபை 5-இல் ரவுட்டரிலிருந்து ஒரே நேரத்தில் 4 பேர் வரை. வைஃபை 6-இல் 8 பேர், எதிர்த்திசையிலும் உண்டு. ஆனால் ரவுட்டரில் உள்ள ஆன்டெனாக்களைவிட அதிகமான தகவல் ஓடைகளை இப்படிப் பிரிக்க முடியாது.

[திரையில்: இரண்டு ஃபோன்களும் ஒட்டினாற்போல் மேசைமேல்]

அப்புறம் இதைப் பாருங்கள். இரண்டுக்கும் பாதை கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்றை அமைதியாக்கினால் மற்றதும் சேர்ந்தே அடங்குகிறது. ரவுட்டர் வித்தையை மூட்டை கட்டிவிட்டு, பழையபடி ஒருவர் பின் ஒருவராக அனுப்ப ஆரம்பிக்கிறது.