கோணிய சிரிப்பு: ஊசி எந்தப் பக்கம்?

(திரையில்: சிரிக்கும் முகத்தின் கோட்டோவியம். கீழ் உதடு வலப்பக்கம் இறங்குகிறது, இடப்பக்கம் அப்படியே நிற்கிறது.)

குரல்: முகத்தோலை இழுத்து இறுக்குற ஃபேஸ்லிஃப்ட் ஆபரேஷன் முடிஞ்சு சில வாரம் ஆச்சு. சும்மா இருக்கும்போது முகம் சரியாத்தான் இருக்கு, சிரிச்சா கோணுது. இதுக்கு போடாக்ஸ் போட்டா, ஊசி எந்தப் பக்கம் போகும்? வலப்பக்கம். ஆமாங்க, நல்லா வேலை செய்யுற பக்கம்தான்.

(திரையில்: தாடையோரமாக ஓடும் நரம்பு.)

கீழ் உதட்டை இறக்குற தசைக்கு இந்த மெல்லிய நரம்புதான் கட்டளை கொண்டுபோகுது. ஆபரேஷன்ல அது இழுபட்டிருக்கலாம், வீக்கத்துல நசுங்கியிருக்கலாம். போடாக்ஸ்ல இருக்குற போட்டுலினம் டாக்சின், தசையைச் சுருங்கச் சொல்ற அசிட்டைல்கோலின்ங்கிற ரசாயனம் நரம்பு முனையில வெளிவராம தடுக்கும். அதால தசையைத் தளர்த்தத்தான் முடியும், சோர்ந்த தசைக்குத் தெம்பு குடுக்க முடியாது. அதனாலதான் பலமான பக்கத்தைக் கொஞ்சம் அடக்கி, ரெண்டையும் சமமாக்குறாங்க.

சில நாள்ல வேலை ஆரம்பிக்கும், ரெண்டு வாரத்துல முழுசாத் தெரியும், 3-4 மாசத்துல இறங்கிடும். நரம்பு அறுபடாம அடி மட்டும் பட்டிருந்தா, பெரும்பாலும் சில வாரம், சில மாசத்துல தானே தேறிடும். அதுவரைக்கும் இந்த ஊசி ஒரு ஒத்தாசை, அவ்வளவுதான். மருந்து அதிகமானா பேச்சு குழறும், தண்ணி குடிச்சா ஒழுகும். கம்மியாப் போட்டு, ரெண்டு வாரம் கழிச்சுப் பார்க்கிற டாக்டரை நான் நம்புவேன்.

சிலருக்கு நரம்பு வளரும்போது தடம் மாறிடும். சிரிச்சா கண்ணு சேர்ந்து மூடும். அங்க ஊசி பாதிச்ச பக்கத்துக்கே, கண்ணைச் சுத்தி. ஆனா கண்ணு மூடவே முடியலன்னா ஊசியைப் பத்தி யோசிக்காதீங்க, அன்னிக்கே டாக்டரைப் பாருங்க.

"விஷத்தையா முகத்துல போடுறீங்க?"ன்னு வீட்டுல பெரியவங்க கேட்பாங்க. விஷம்தான். ஆனா அமெரிக்காவுல இதுக்கு 1989-ல முதல் அனுமதி கிடைச்சது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான். புருவத்துக்கு நடுவுல வர்ற சுருக்கத்துக்கெல்லாம் 2002-லதான்.

(திரையில்: பெங்களூர், இந்திராநகர் சாலை.)

நம்ம பெங்களூர்ல பார்லர் போர்டுலயே போடாக்ஸ்னு எழுதுறாங்க. இந்த வேலைக்கு அந்தப் படி ஏறாதீங்க. முதல்ல ஆபரேஷன் செஞ்ச சர்ஜன்கிட்டயே போங்க. வேற டாக்டர்னா, கர்நாடக மருத்துவ கவுன்சில் பதிவு இருக்கான்னு கேளுங்க. கர்ப்பமா இருந்தாலோ, தசையைப் பலவீனமாக்குற மயஸ்தீனியா கிராவிஸ் நோய் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிடுங்க. கன்னடத்துல விளக்க வரலையா? சிரிக்கிறது, கண்ணை மூடுறது, "ஈ" சொல்றது, மூணையும் ஃபோன்ல வீடியோ எடுத்துக் காட்டுங்க. போட்ட மருந்தோட பிராண்டு, எத்தனை யூனிட், ரெண்டையும் சீட்டுல எழுதி வாங்கிக்குங்க. ஒரு பிராண்டு யூனிட்டும் இன்னொண்ணு யூனிட்டும் ஒரே அளவு இல்லை.