குழாயடியில் இருபது நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனையில் செவிலியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக் காலம் தீக்காய வார்டிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் கழிந்தது. முதலுதவி என்றால் சாலை விபத்துதான் பலருக்கு நினைவு வரும். ஆனால் நாள் தவறாமல் எங்களிடம் வந்தவை அடுக்களைக் காயங்களும் தெருமுனைக் காயங்களும்தான்.

ஒரு மாலை நேரம். நான்கு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு தாய் ஓடி வந்தாள். இறக்கி வைத்த ரசம், பிள்ளை கைபட்டுக் கவிழ்ந்துவிட்டது. வலது முன்கை முழுக்க நீலம். பேனா மை! அதற்கு மேல் பற்பசை. மணிக்கட்டு வீங்கி, இரண்டு வளையல்களும் சதைக்குள் புதைந்திருந்தன. முதலில் அவற்றை வெட்டி எடுத்தோம். அப்புறம் மையைக் கழுவினோம். வெந்த தோலை ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்கும்போது அந்தக் குழந்தை அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. கழுவாமலும் விட முடியாது. தோல் சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் காயத்தின் ஆழத்தைக் கணிக்க வேண்டும். மைக்கு அடியில் எதைப் பார்ப்பது?

"தண்ணி ஊத்தலையாம்மா?" என்று கேட்டேன்.

"தண்ணி பட்டா கொப்புளிச்சிடும்னு சொன்னாங்க சிஸ்டர்."

அந்தத் தாய் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பதறும் நேரத்தில் யோசிக்கவா முடியும்? கண்டு பழகியதைத்தான் கை செய்யும். அதனால்தான் சரியானதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

கொப்புளம் வருவது சூட்டினால், தண்ணீரால் அல்ல. ரசம் வழிந்து போன பிறகும் அதன் சூடு தோலுக்குள் தங்கி, கீழே கீழே வேக வைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டை வெளியே இழுப்பது தண்ணீர் ஒன்றுதான். குழாயைத் திறந்து, சுட்ட இடத்தை 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் அடங்கினாலும் கையை எடுக்காதீர்கள். குழாய் இல்லையா, வாளித் தண்ணீரைச் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டே இருங்கள். சுட்டு அரை மணி, ஒரு மணி நேரம் ஆகிவிட்டதே என்றும் விட்டுவிட வேண்டாம்; மூன்று மணி நேரம் வரைக்கும் தண்ணீரால் பலன் உண்டு. தண்ணீர் ஓடும்போதே வளையல், மோதிரம், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீக்கம் காத்திருக்காது. கைக்குழந்தை என்றால், சுட்ட இடம் மட்டும் நனையட்டும். மற்ற உடம்பைப் போர்த்திவிடுங்கள், குளிரில் விறைத்துவிடும்.

ஐஸ் வேண்டாம். அது ரத்த ஓட்டத்தைச் சுருக்கிக் காயத்தை ஆழப்படுத்தும். சுட்ட இடத்தில் இட்லி மாவோ எண்ணெயோ தடவவும் வேண்டாம். மாவு புளித்தது. கிருமிகள் வாழும் இடம். எண்ணெய் சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி, மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். முகம், கை, பிறப்புறுப்பு வெந்திருந்தாலோ, சிறு பிள்ளை என்றாலோ 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

அரிவாள்மனை வெட்டுக்குக் காப்பித்தூள் அப்புகிறவர்களும் உண்டு. அதைத் துகள் துகளாக நாங்கள் எடுக்க வேண்டியிருக்கும். சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் திறந்து பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

நாய்க்கடி விஷயத்தில்தான் என் மனசு இன்னும் ஆறவில்லை. கடித்த இடத்தில் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் வைக்கிறார்கள். அங்கேயும் முதல் மருந்து குழாய்த் தண்ணீர்தான், கூடவே சோப்பு. வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது; சோப்பு அதைக் கரைத்துவிடும். 15 நிமிடம் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசி போட வாருங்கள். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போட வேண்டியிருக்கும். அட்டையில் எழுதித் தரும் தேதி ஒன்றைக்கூட விடாதீர்கள். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால், அப்புறம் எங்களால் காப்பாற்ற முடிவதில்லை.

நாய் பிராண்டியதை வீட்டில் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. "தெருவில் ஏன் விளையாடினாய்" என்று அடி விழுமே என்ற பயம். இன்று இரவு சாப்பாடு போடும்போது பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: "நாயோ பூனையோ கடிச்சாலும் பிராண்டினாலும் ஓடி வந்து சொல்லு கண்ணு, அம்மா திட்ட மாட்டேன்." சொன்னபடியே திட்டாமலும் இருங்கள்.

நன்றி, வணக்கம்.