படம் காட்டி இங்கிலீஷ்
(தேசிய நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, இந்த நவம்பர் மழையிலும் தலைமையேற்க வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் பேச நினைத்ததில் பாதியைப் பேசி முடித்துவிட்ட புலவர் ஐயா அவர்களே, மாவட்ட நூலக அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் அலுவலர் ஐயா அவர்களே, நாற்காலி போட்டதிலிருந்து மைக் செட்காரரிடம் பேரம் பேசியது வரை எல்லாவற்றையும் தானே செய்துவிட்டு, மேடைக்கு மட்டும் வரமாட்டேன் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேடைக்கு மேடை போர்த்திக்கொண்டிருக்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். உறுப்பினர் அம்மாவுக்கு ஏழு மணிக்கு இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறதாம். அவர் இருக்கும்போதே சொல்ல வேண்டிய சேதி ஒன்று என்னிடம் இருப்பதால் சுருக்கமாகப் பேசுவேன் என்று வாக்குக் கொடுக்கிறேன். வாத்தியார்கள் கொடுக்கும் இந்த வாக்கைப் பற்றி உங்களுக்கும் அனுபவம் இருக்கும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, சினிமாவும் வீடியோவும் காட்டி ஆங்கிலம் கற்பிப்பது. மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். எந்தக் காட்சியை எப்படிக் காட்டுவது என்பது ஒன்று. திரைக்கு அடியில் ஓடுகிற எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பது இரண்டு. மூன்றாவது பதிப்புரிமை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. என்னிடம் படித்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், இதை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நம் பிள்ளைகளின் இங்கிலீஷ் இன்னும் ஏட்டில்தானே காய்க்கிறது! ஆக்டிவ் வாய்ஸை பாசிவ் வாய்ஸாக மாற்றுவதில் புலியாக இருக்கும் பையன், இன்டர்வியூவில் ஒரு சின்னக் கேள்விக்கு முழிக்கிறான். பதில் தெரியாமல் இல்லை, கேள்வியே அவன் காதில் சரியாக விழவில்லை. வகுப்பில் நாங்கள் "வாட் ஆர் யூ கோயிங் டு டூ" என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறோம். வெளியே ஒருவன் "வாடயு கனா டூ" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறான். தமிழில் நாம் அசைகளை ஏறக்குறைய ஒரே அளவாகச் சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் ஒன்றிரண்டை அழுத்திவிட்டு மிச்சத்தை விழுங்கிவிடுகிறார்கள். இந்த விழுங்கலைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட எந்த வாத்தியாராலும் முடியாது. காட்சியில்தான் கேட்க முடியும், அதுவும் திரும்பத் திரும்ப.

திரும்பத் திரும்ப என்றதும் என் வயதுக்காரர்களுக்கு ப்ளூ டயமண்ட் ஞாபகம் வரும். அண்ணா சாலையில் 1964இல் வந்த சஃபையர் வளாகத்தில் இருந்த தியேட்டர். படம் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு டிக்கெட்டில் எப்போது வேண்டுமானாலும் நுழைந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். ஏசிக்காகப் போனவர்கள்தான் அதிகம், நான் ஒன்றும் விதிவிலக்கு இல்லை. ஆனால் முதல் ஆட்டத்தில் இரைச்சலாக இருந்த வசனம் அடுத்த ஆட்டத்தில் பிரிந்து பிரிந்து காதில் விழும். இன்று அந்த வசதி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. முழுப் படமாகப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறோம், அதுதான் கோளாறு. பாடத்துக்கு இரண்டு மூன்று நிமிடக் காட்சி போதும். சண்டைப் படம் வேண்டாம், அதில் துப்பாக்கிதான் பேசும். கடை, ஆஸ்பத்திரி, பேங்க் கவுன்டர் என்று இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியாகப் பாருங்கள். கெட்ட வார்த்தை இல்லாததாகவும் இருக்கட்டும். பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான், மறுநாளே வாட்ச்மேனிடம் பயன்படுத்திப் பார்த்துவிடுவார்கள்.

இங்கே மீன்கார ஆயா கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது.

வடசென்னையில் ஒரு கிளை நூலகம். சனிக்கிழமை மாலைகளில் அங்கே வகுப்பு எடுத்தேன். ஒரு மாணவியின் அக்காவுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி, ஓர் இரவல் ஸ்பீக்கர், அவ்வளவுதான் சாமான். இடம் பேப்பர் படிக்கும் பகுதியில் ஒரு மூலை. பெரியவர்கள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களை முறைப்பார்கள். ஒருநாள் பழைய கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து ஒரு காட்சியை, சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிட்டேன். கோட் போட்ட ஓர் ஆள், ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, மாடிப்படியில் பூனை மாதிரி இறங்குகிறான். கீழே கதவு திறக்கிறது. இடுப்பில் கை வைத்தபடி ஓர் அம்மாள். இவன் தொப்பியைக் கழற்றி இளிக்கிறான். "என்ன பேசிக்கொள்கிறார்கள், சொல்லுங்கள்" என்கிறேன். பிள்ளைகளிடம் சத்தமே இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல். "இன்னா வாத்தியாரே, இங்கிலீஷ் படிக்கிறேன்னு சொல்லிட்டு எங்க பையன் இங்க குந்திக்கினு படம் பாக்குறானாமே? இது இன்னா சினிமாக் கொட்டாயா?"

காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவர். கூடை இடுப்பிலேயே இருக்கிறது. பேரன் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். "உட்காருங்க ஆயா, பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க" என்றேன். கூடையை வெளியே வைக்கச் சொன்னால் பூனை இருக்கிறது என்கிறார். கூடையும் உள்ளே வந்தது. பேப்பர் படித்த இரண்டு பேர் வெளியே போனார்கள். காட்சியை மறுபடி ஓடவிட்டேன்.

பாதி கூட ஓடவில்லை. "வாடகை பாக்கி" என்றார் ஆயா.

"எப்படி ஆயா?"

"செருப்பக் கைல எடுத்துக்கினு எவன் எறங்குவான்? பாக்கி வச்சவன்தான். தோ பாரு, பல்லக் காட்டுறான். ரெண்டு மாசம் குடுக்கல. பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்கா, வந்ததும் தரேன்னு கதை வுடறான். அந்தம்மா நம்பல. மூஞ்சப் பாரு!"

இதை இங்கிலீஷில் யார் சொல்வது என்று கேட்டேன். அதுவரை என் வகுப்பில் வாயே திறக்காத அந்தப் பேரன் பெஞ்சுக்கு அடியிலிருந்து எழுந்து, "சார், ஹி நாட் கிவ் ரென்ட். ஹி டெல்லிங் லை" என்றான். "ஹி ஹேஸ் நாட் பெய்ட் தி ரென்ட்" என்று பக்கத்துப் பெண் திருத்தினாள். ஆயா ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பிள்ளைகள் முட்டி மோதி இங்கிலீஷாக்க, பலகை நிறைந்தது. அப்புறம்தான் சத்தத்தை வைத்தேன். அந்த அம்மாள் வாயிலிருந்து "ரென்ட்" வந்ததுதான் தாமதம், நூலகத்தில் விசில்! ஆயா சொன்னதில் பிசகு ஒன்றே ஒன்று. பாக்கி இரண்டு மாதம் இல்லை, மூன்று மாதம். "மூணு மாசமா? நானா இருந்தா சாமான வெளிய வீசியிருப்பேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அடுத்த சனிக்கிழமை, வகுப்பு தொடங்கும் முன்பே வந்து முதல் பெஞ்சில் இடம் பிடித்துவிட்டார்.

இதில் பாடம் நடத்தும் முறை முழுவதும் இருக்கிறது. முதலில் சத்தமில்லாமல், என்ன நடக்கிறது என்று ஊகிக்க. அடுத்து சத்தத்தோடு, ஊகம் சரியா என்று பார்க்க. அதற்கப்புறம் ஒவ்வொரு வரியாக நிறுத்தி, அந்த ஆள் சொன்ன அதே ராகத்தில், அதே வேகத்தில் திருப்பிச் சொல்ல. பொருள் முன்னாலேயே மனதில் உட்கார்ந்துவிடுவதால் காதுக்கு வேலை பாதியாகிறது.

எழுத்து விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலப் பேச்சுக்கு ஆங்கில எழுத்தையே போடுங்கள், அதையும் மூன்றாவது முறை பார்க்கும்போது போடுங்கள். தமிழில் எழுத்து ஓடினால் கண் அதில் ஒட்டிக்கொள்ளும், காது கதவைச் சாத்திவிடும். தமிழில் டப்பிங் செய்த ஹாலிவுட் படங்களில் வெள்ளைக்காரன் நம்ம ஊர் பாஷை பேசுவதை நானும் ரசிக்கிறேன், அது பொழுதுபோக்கு. அகமதாபாத் ஐஐஎம்மில் இருந்த பிரிஜ் கோத்தாரி என்பவர் 1996 முதல், பேச்சு எந்த மொழியோ எழுத்தும் அதே மொழியில் என்ற இந்த யோசனையையே வேறு நோக்கத்துக்காகச் சொல்லி வந்தார். டி.வி.யில் வரும் சினிமாப் பாட்டுக்கு அதே மொழியில் எழுத்து ஓடவிட்டால், பாடத் தெரிந்தவர்கள் படிக்கவும் பழகுவார்கள் என்று. தூர்தர்ஷனிலேயே அதைச் செய்து காட்டினார்கள். காதும் கண்ணும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறியாவது அந்த இடத்தில்தான்.

உறுப்பினர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். பதிப்புரிமையை ஒரு வரியில் முடிக்கிறேன். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனம் தன் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் படம் போட்டுக் காட்ட இடம் கொடுக்கிறது. நூலகம் கல்வி நிறுவனமா என்பதை அலுவலர் ஐயாவிடம் விட்டுவிடுகிறேன்.

ஏனென்றால் எனக்கு ஒரு மாடி அறையைப் பற்றிப் பேச வேண்டும். ஆயா வந்த அதே நூலகத்தில் மாடியில் ஓர் அறை இருக்கிறது. உள்ளே அன்பளிப்பாக வந்த பெரிய டி.வி., அட்டைப்பெட்டி பிரிக்காமல். இருப்புப் பதிவேட்டில் ஏற்றவில்லை, அதனால் பிரிக்கக் கூடாதாம். சாவி யாரிடம் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஏட்டுச் சுரைக்காயாவது படிக்கக் கிடைக்கும், இது பெட்டிச் சுரைக்காய்! மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போன சீர்காழி ரங்கநாதன் வகுத்த முதல் விதியே, நூல் பயன்படுத்துவதற்கு என்பதுதான். அவர் பாடுபட்டு 1948இல் இந்த மாகாணத்துக்கு நூலகச் சட்டமும் வந்தது. இன்றும் நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்த்துக் கட்டுகிறோம். இங்கே வீட்டு வரி கட்டுகிற எல்லோரும் அந்த அறைக்குப் பங்காளிகள். ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று போர்டு மாட்டிய இடத்தில் ஆயிரக்கணக்கில் கட்ட முடியாத பிள்ளைகள் எங்கே போவார்கள்?

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஓர் அறை, ஒரு திரை, வாரம் ஒரு மாலை. வாடகை கேட்காமல் சொல்லித்தர என்னைப் போல ஓய்வு பெற்ற வாத்தியார்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், வீட்டிலும் எங்களை வெளியே அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. வாசகர் வட்டத் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வரி காலியாக இருக்கிறது. உறுப்பினர் அம்மா அந்த வழியாகத்தான் காருக்குப் போக வேண்டும், பேனாவோடு நான் அங்கே நிற்பேன். வணக்கம்.